பழைய எம்எக்ஸ்-5 ஏன் வாலாட்டுகிறது? பின் சக்கர அலைன்மென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலைன்மென்ட் என்றால் சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்வது. இங்கே பேசப்போவது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற பின் சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் காரின் முதல் இரண்டு தலைமுறைகளைப் பற்றி. 1989இல் வந்த என்ஏ, 1998இல் வந்த என்பி. ஜப்பானில் என்ஏவுக்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். இங்கிலாந்தில் ஓடும் பழைய வண்டிகளில் நிறைய அப்படி இறக்குமதியானவைதான். என்னிடம் இருப்பது 1996 மாடல். நான் மெக்கானிக் இல்லை. ஒரு பின் சக்கரத்தால் ஒன்றரை வருடம் அல்லாடியவன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

"வால் அலைகிறது" என்கிறீர்கள். ஓட்டும்போது அது எப்படித் தெரியும்?

நேர்ச் சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகிறீர்கள். சாலை லேசாக ஏறி இறங்குகிறது. ஸ்டீயரிங்கை நீங்கள் அசைக்கவில்லை, ஆனால் இருக்கைக்குக் கீழே யாரோ வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு விரற்கடை தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. நீங்கள் திருத்துகிறீர்கள். அரை நொடி கழித்து மறுபக்கம் தள்ளுகிறது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி கேட்டதைவிட அதிகமாக உள்ளே திரும்புகிறது. மழை நாளில் ரவுண்டானா என்றாலே வயிறு கலங்குகிறது.

முன் சக்கரக் கோளாறா, பின் சக்கரக் கோளாறா என்று பிரிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி: கைக்கு வருவது முன்னால், இடுப்புக்கு வருவது பின்னால். சாலையின் பள்ளக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் இழுத்தால் முதலில் முன் சக்கரங்களைப் பாருங்கள். ஸ்டீயரிங் சும்மா இருக்கும்போதே வண்டி திசை மாறினால் சந்தேகம் பின்பக்கம் போக வேண்டும்.

பின் சக்கரம் திரும்பாதே, அது எப்படி வண்டியைத் திருப்பும்?

எல்லாக் குழப்பமும் இந்த நினைப்பிலிருந்துதான் வருகிறது. பின் சக்கரமும் திரும்புகிறது. நாம் திருப்பவில்லை, அவ்வளவே.

இரண்டு பாதங்களையும் லேசாக உள்நோக்கி வைத்து நில்லுங்கள். அதுதான் டோ-இன். வெளிநோக்கி வைத்தால் டோ-அவுட். வளைவில் பாரமெல்லாம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் விழும். இடப்பக்கம் திரும்பினால் வலப் பின் சக்கரம். அது டோ-இன்னில் இருந்தால் வண்டியின் பின்பக்கத்தை வளைவுக்குள் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். டோ-அவுட்டில் இருந்தால் பின்பக்கத்தை வெளியே இழுத்துப்போகும், வால் சுற்றும். அதனால்தான் பின் சக்கர இயக்கமுள்ள சாலைக் கார்களில் பின்னால் கொஞ்சம் டோ-இன் வைக்கிறார்கள்.

"கொஞ்சம்" என்பது நிஜமாகவே கொஞ்சம். ஒரு டிகிரியை 60 நிமிடமாகப் பிரிப்பார்கள். ஒரு சக்கரம் 20 நிமிடம் திரும்பி நின்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது தன் போக்கில் உருண்டால் ஒரு கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 6 மீட்டர் பக்கவாட்டில் விலகிப்போகும். வண்டி அதை விடுவதில்லை. அந்த 6 மீட்டரையும் டயர் சாலையில் தேய்த்தே கழிக்கிறது.

கேம்பர்?

சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். வளைவில் எவ்வளவு பிடிப்பு கிடைக்கும் என்பதை அது மாற்றும். வண்டி நேராகப் போகுமா அலையுமா என்பதை டோ அளவுக்கு அது தீர்மானிப்பதில்லை. இரண்டு பக்கமும் கால் டிகிரி வித்தியாசம் இருந்தால் நான் பொறுத்துக்கொள்வேன். டோவில் கால் டிகிரி வித்தியாசம் என்றால் வண்டியை வெளியே எடுக்கவே மாட்டேன்.

முதலில் எதைப் பார்ப்பது? நேரே அலைன்மென்ட்டுக்கு விடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். தேய்ந்த புஷ்ஷோடு (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை) செய்யும் அலைன்மென்ட், ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்கு அளவு கொடுப்பது போல.

முதலில் டயர். காற்றழுத்தம் பாருங்கள். என்ஏவுக்கு 185/60 ஆர்14 டயரில் கம்பெனி சொன்ன அளவு 26 பிஎஸ்ஐ. ஒரு டன்கூட இல்லாத வண்டி இது. குடும்பக் காருக்கு வைப்பதுபோல 34, 35 என்று அடித்துவிட்டால் சாலையில் பந்து மாதிரி துள்ளும், அதையும் "வால் அலைகிறது" என்றுதான் சொல்லத் தோன்றும். அப்புறம் டயரின் வயது. பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வார இறுதியில் மட்டும் ஓடும் கார்களில் பட்டன் (தரையில் படும் டயர் வரிகள்) புதுசு போலவே இருக்கும், ரப்பர் மரக்கட்டையாகியிருக்கும். நான்கும் ஒரே டயரா என்றும் பாருங்கள். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றிருந்தால் மழையில் பின்பக்கம் வழுக்கத்தான் செய்யும். அதற்கு எந்த அலைன்மென்ட்டும் மருந்தில்லை.

பட்டனின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. இதற்கு மெஷினே வேண்டாம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி நேரம் அதற்குத் துணையாக டோவும் சேர்ந்திருக்கும்.

அடுத்து ஆட்டம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இடமும் வலமும். மேல் கீழாக ஆடினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் ஆடினால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ்களை ஒரு கடப்பாரை முனையால் நெம்பிப் பாருங்கள். இன்னொருவர் சக்கரத்தை ஆட்ட, நீங்கள் கீழே படுத்துப் பார்ப்பதுதான் நல்லது. ஆட்டுகிறவருக்கு எங்கே ஆடுகிறது என்று தெரியாது.

ஒரு எச்சரிக்கை. தேய்ந்த ரப்பர் புஷ் கைக்கு ஆடாது. ஓடும்போது அதன்மேல் வரும் விசையில் பாதிகூட நம் கையால் கொடுக்க முடியாது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வால் ஒரு பக்கம், விட்டால் எதிர்ப்பக்கம் என்று ஒழுங்காக மாறி மாறி நகர்ந்தால், கைக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் ஒரு பக்கத்துப் புஷ் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போது சக்கரம் முன்னே தள்ளப்படுகிறது, விடும்போது பின்னே இழுக்கப்படுகிறது. புஷ் பிடிக்காவிட்டால் அந்த முன்பின் நகர்வே டோ மாற்றமாகிவிடும்.

மெஷின் பிரிண்டில் எல்லாம் பச்சை. வண்டி மட்டும் சரியில்லை. எப்படி?

என் கதை இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றிய பிறகு ஒரு கடையில் நான்கு சக்கர அலைன்மென்ட் செய்தேன். பிரிண்டில் பின் மொத்த டோ 16 நிமிடம் டோ-இன் என்று பச்சையில், அதாவது அனுமதித்த அளவுக்குள், இருந்தது. ஸ்டீயரிங்கும் நேராக இருந்தது. ஆனால் இடப்பக்க வளைவுகளில் மட்டும் வால் தளர்ந்தது. வலப்பக்கம் திரும்பினால் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். ஒன்றரை வருடம் டயரைத் திட்டினேன், சாலையைத் திட்டினேன், என் ஓட்டுதலையே சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒருநாள் அந்தப் பிரிண்டை எடுத்து மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் போட்டிருந்த எண்களைப் பார்த்தேன். இடப் பின் சக்கரம் 20 நிமிடம் டோ-இன். வலப் பின் சக்கரம் 4 நிமிடம் டோ-அவுட். கூட்டினால் 16, பச்சை. ஆனால் இரண்டு சக்கரமும் வலப்பக்கம் பார்த்து நிற்கின்றன!

இரண்டின் வித்தியாசத்தில் பாதி, அதாவது 12 நிமிடம், த்ரஸ்ட் ஆங்கிள். பின் அச்சு வண்டியைத் தள்ளும் திசை நடுக்கோட்டிலிருந்து அவ்வளவு விலகியிருக்கிறது என்று அர்த்தம். 12 நிமிடம் என்பது 0.2 டிகிரி. ஸ்டீயரிங் விகிதம் 15க்கு 1 என்று வைத்தால், நேராகப் போக ஸ்டீயரிங் 3 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். என் வண்டியில் அது ஏன் தெரியவில்லை? முன் டை ராடுகளை (ஸ்டீயரிங்கிலிருந்து முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பிகள்) அந்தக் கோணலுக்கு ஏற்ப வைத்து ஸ்டீயரிங்கை நேராக்கிவிட்டார்கள். வண்டி நண்டு மாதிரி லேசாகச் சாய்ந்தே ஓடியது, 2265 மி.மீ. வீல்பேஸில் பின் தடம் முன் தடத்திலிருந்து சுமார் 8 மி.மீ. விலகியிருந்திருக்கும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத 8 மி.மீ.

இடப்பக்கம் திரும்பும்போது பாரம் விழுவது அந்த டோ-அவுட் சக்கரத்தின் மேல். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் தளர்ச்சி. ஆக, பிரிண்டைக் கையில் வாங்கியதும் தனித்தனி டோவையும் த்ரஸ்ட் ஆங்கிளையும் பாருங்கள். மொத்தம் கடைசியில்.

கடைக்காரர் ஏன் வலப்பக்கத்தைச் சரிசெய்யவில்லை?

போல்ட் திரும்பவில்லை. அதை என்னிடம் சொல்லவும் இல்லை.

எம்எக்ஸ்-5இன் பின் லோயர் ஆர்ம் ஒவ்வொன்றும் இரண்டு கேம் போல்ட்களில் பிடித்திருக்கிறது. போல்ட்டின் தலையில் மையம் தவறிய ஒரு வட்டத் தகடு. திருப்பினால் ஆர்ம் உள்ளே வெளியே நகரும். இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால் கேம்பர் மாறும், எதிரெதிராக நகர்த்தினால் டோ மாறும். அழகான ஏற்பாடு. ஆனால் இங்கே இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். திருப்பினால் போல்ட் தனியாகச் சுழலாமல் ரப்பரையும் சேர்த்து முறுக்கும். விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கடையில் ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு வாங்குகிறார்கள். திரும்புகிற பக்கத்தை வைத்து மொத்தத்தைப் பச்சையாக்கி அனுப்பிவிடுவது மனித இயல்பு.

எனவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே நான்கு கேம் போல்ட்டும் அசைகிறதா என்று பாருங்கள். முதலில் தகட்டுக் குறி நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். துரு கரைக்கும் எண்ணெயை ஒரு வாரம் தினமும் அடித்தால் சில போல்ட் மனமிரங்கும். என்னுடையது இரங்கவில்லை. புஷ்ஷின் இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்து, ஆர்மை இறக்கி, புது புஷ், புது போல்ட். புதியதைப் போடும்போது போல்ட்டின் உடம்பு முழுக்க கிரீஸ் பூசினேன். அடுத்து அவிழ்க்கப்போகிறவர் நன்றி சொல்வார், பெரும்பாலும் அது நானாகத்தான் இருப்பேன்.

கேம் குறி ஒரு பக்கம் கோடியில் நிற்கிறது, மறுபக்கம் நடுவில். இதற்கு அர்த்தம் உண்டா?

உண்டு. இரண்டு பக்கமும் ஒரே கோணம் வர ஒரு பக்கத்தை அவ்வளவு தூரம் நகர்த்த வேண்டியிருக்கிறது என்றால் ஏதோ வளைந்திருக்கிறது. ஆர்ம், நக்கிள் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் துண்டு), அல்லது சப்ஃபிரேம் (ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்). நடைபாதைக் கல்லில் பக்கவாட்டில் மோதிய வண்டிகளில் இது சகஜம். பழைய வண்டி வாங்கப் போகும்போது குனிந்து இந்தக் குறிகளைப் பாருங்கள். விற்பவர் சொல்லாத விபத்தை அவை சொல்லும்.

எம்ஓடி தேர்வில் (இங்கிலாந்தின் வருடாந்திர வாகனச் சோதனை) பாஸாகிவிட்டதே?

அதில் இந்தக் கோணங்களை அளப்பதில்லை.

வண்டியைத் தாழ்த்தியிருக்கிறேன். அதனால் வந்திருக்குமா?

வரலாம், இரண்டு வழியில். உயரம் மாறினால் கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும், திரும்ப அளக்காமல் விடக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பலருக்குத் தெரியாது. இந்த வண்டியின் ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. வெளிக்குழாயும் உள்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. ஆகவே எந்த உயரத்தில் போல்ட்டை இறுக்குகிறீர்களோ அந்த உயரம்தான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் எல்லா ரப்பரும் முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரம் பக்கத்துக்குப் பக்கம் மாறும், புஷ் சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில், வண்டியின் எடை அதன் மேல், அப்போதுதான் கடைசி இறுக்கு. சாய்தளமோ பள்ளமோ இல்லாவிட்டால் சக்கரங்களுக்கு அடியில் கனமான பலகைகளை அடுக்கி உயர்த்திக்கொண்டு செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா?

டிராக்கில் ஓட்டுகிறவர் போடட்டும். உறுதியாக இருக்கும், டோ நகராது. கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். நான் ரப்பருக்கே திரும்பினேன்.

மெஷின் இல்லாமல் வீட்டில் அளக்க முடியுமா?

முடியும். நூல் கட்டி அளப்பது பந்தய அணிகளே செய்யும் வேலைதான். சமதளமான தரை வேண்டும். வண்டியின் இரண்டு பக்கமும் ஹப் (சக்கரத்தின் மையம்) உயரத்தில், முன்னும் பின்னும் ஸ்டாண்டில் நூலை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அதோடு ஹப் மையத்திலிருந்து இடப்பக்க நூலும் வலப்பக்க நூலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அந்தத் தூரம் ஒன்றாக வராது, இரண்டின் அகலமும் வேறு. இடமும் வலமும் ஒன்றானால் போதும். இந்தப் பொருத்தத்துக்கே அரை மணி நேரம் போகும். இதில் அவசரப்பட்டால் பிறகு அளப்பதெல்லாம் பொய்.

நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். முன் விளிம்புக்கான தூரம் அதிகமென்றால் டோ-இன். ரிம் லேசாக நெளிந்திருக்கலாம், ஆகவே வண்டியை அரைச் சுற்று முன்னே உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். ஜாக்கியில் தூக்கி இறக்கினால் சக்கரம் இயல்பான நிலைக்கு வராது, சில மீட்டர் உருட்டிய பிறகே அளக்க வேண்டும்.

மி.மீட்டரில் பேசும்போது எங்கே அளந்தது என்று கேளுங்கள். 3 மி.மீ. டோ என்பது இந்த டயரின் வெளி விட்டத்தில், அதாவது சுமார் 578 மி.மீட்டரில், 18 நிமிடம். அதே 3 மி.மீட்டரை ரிம் விளிம்பில் அளந்தால் ஏறத்தாழ 28 நிமிடம். இந்த ஒரு குழப்பத்தால் பின் டயரை ஒரே கோடையில் தின்றவர்கள் உண்டு. நான் நிமிடத்தில் மட்டும்தான் பேசுவேன்.

உங்கள் வண்டியில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

பின்னால் கேம்பர் −1.5 டிகிரி, டோ-இன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 8 நிமிடம். முன்னால் கேம்பர் −1 டிகிரி, டோ பூஜ்யம். இது சாலைக்கான அளவு. வேறு டயர், வேறு உயரம் என்றால் அப்படியே எடுக்காதீர்கள்.

டோ-இன்னை இன்னும் கூட்டினால் இன்னும் நிதானமாகுமே?

ஒரு எல்லை வரை. அதற்கு மேல் டயர் சூடாகித் தேயும், வண்டி மந்தமாகும். பின்பக்கம் பிடிப்பை விடும்போது எச்சரிக்கையும் குறையும். கோளாறை மறைக்க டோ-இன் கூட்டுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது.

மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே கதையா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. சக்கரம் ஏறி இறங்கும்போது டோ எவ்வளவு மாறுகிறது என்பதுதான் பல கார்களின் குணத்தைத் தீர்மானித்தது. 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000இன் முதல் வகையில் பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டோ-இன் நிறையக் கூடும். வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தாலோ காலை எடுத்தாலோ அந்தப் பிடிப்பு திடீரென்று விட்டுப்போகும். 2004 மாடலில் அந்தக் கோணங்களை மாற்றி அமைத்தார்கள். எஞ்சின் நடுவிலுள்ள டொயோட்டா எம்ஆர்2இன் இரண்டாம் தலைமுறைக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு; அதற்கும் சில வருடத்தில் பின் சஸ்பென்ஷன் மாறியது, சக்கரம் 14 அங்குலத்திலிருந்து 15 ஆனது.

எனக்குப் பிடித்தது போர்ஷே 928. காலை எடுத்தால் பின் சக்கரம் பின்னே இழுக்கப்பட்டு டோ-அவுட் ஆகும் என்பதை அவர்கள் தலைகீழாக்கினார்கள். 1977இல் வந்த அந்தக் காரின் வைசாக் அச்சில் அதே இழுப்பு சக்கரத்தை டோ-இன் பக்கம் திருப்பும். புஷ்ஷின் நெகிழ்ச்சியையே வேலைக்காரனாக்கிவிட்டார்கள்.

எல்லாம் கோணத்தால் வருவதும் இல்லை. 1998இல் வந்த முதல் ஆடி டிடி, ஜெர்மானிய ஆட்டோபானில் அதிவேகத்தில் நிலைதடுமாறி விபத்துகளானபோது, கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு ஸ்பாய்லரும் இஎஸ்பியும் (வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு) சேர்த்தார்கள், சஸ்பென்ஷனையும் திருத்தினார்கள். காற்று பின்பக்கத்தைத் தூக்கியதும் அதில் ஒரு காரணம். 40 மைலில் நன்றாக இருந்து 90 மைலில் மட்டும் வால் லேசாகிறது என்றால் காற்றையும் யோசிக்க வேண்டும்.

சரிசெய்தாயிற்று. எப்படிச் சோதிப்பது?

பொதுச் சாலையில் வாலைச் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டாம். காலியான நேர்ச் சாலையில் 50 மைலில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தி, விட்டு, அழுத்திப் பாருங்கள். வண்டி நேராகவே போக வேண்டும். பிறகு மிதமான வேகத்தில் ஒரே மாதிரி ஒரு இட வளைவு, ஒரு வல வளைவு. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி, எவ்வளவு வேகம் என்பதல்ல.

200 மைல் ஓடியபின் கீழே குனிந்து கேம் தகட்டுக் குறிகளைப் பாருங்கள். கடைசியாக இறுக்கியதும் குறுக்கே ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டிருந்தால் அரை நிமிட வேலை. கோடு உடைந்திருந்தால் நட்டு சரியாக இறுகவில்லை. டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.